பத்து ரன்னும் பதின்மூன்று பந்தும்: தகுதிக்கோடு எதைச் சொல்கிறது?

2024 மே 18, சனிக்கிழமை இரவு. பெங்களூரு சின்னசுவாமி மைதானத்தில் கடைசி ஓவர் தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் முன் இரண்டு இலக்குகள் இருந்தன. ஆட்டத்தை வெல்ல 35 ரன் வேண்டும். ஆட்டத்தில் தோற்றாலும் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைய 17 ரன் போதும். யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். இனி ஐந்து பந்துகளில் 11 ரன். அடுத்த பந்தில் தோனி எல்லைக்கோட்டருகே பிடிபட்டார். மீதமிருந்த நான்கு பந்துகளில் கிடைத்தது ஒரே ஒரு ரன். 218 ரன் எடுத்திருந்த ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணிக்கு எதிராகச் சென்னை 191 ரன்னில் நின்றது. தகுதிக்கு வேண்டியிருந்தது 201. நடப்புச் சாம்பியனின் பருவம் பத்து ரன் குறைவால் முடிந்தது.

அன்றிரவு தொடங்கி இன்றுவரை இந்தத் தோல்வி சொல்லப்படும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தோனி அந்தச் சிக்ஸரை அடிக்காமல் இருந்திருந்தால் ஈரமான பழைய பந்தே தொடர்ந்திருக்கும் என்கிறார்கள்; வெளியே போன பந்துக்குப் பதிலாக வேறொரு பந்து வந்தது தங்கள் அணிக்கு உதவியது என்று பெங்களூரு அணியின் தினேஷ் கார்த்திக்கே வேடிக்கையாகச் சொன்னார். கடைசி இரு பந்துகளை ஜடேஜா தொட்டிருந்தால் என்கிறார்கள். கேப்டன் ருதுராஜ் முதல் பந்திலேயே ஆட்டமிழக்காமல் இருந்திருந்தால் என்கிறார்கள். ஒவ்வொரு விளக்கமும் அந்த ஓர் இரவுக்குள், பெரும்பாலும் அந்த ஆறு பந்துகளுக்குள், அடங்கிவிடுகிறது. பதினான்கு ஆட்டங்களில் பரவிக் கிடந்த ஒரு காரணம் ஆறு பந்துகளின் கதையாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கம் கிரிக்கெட் ரசிகர்களின் பழக்கம் மட்டுமாக இருந்தால் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. தேர்வும் தகுதிப் பட்டியலும் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கல்விப்புலத்தில் இதே பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு மதிப்பெண் குறைவால் நின்றுபோனவர் எங்கே தவறினார் என்ற கேள்விக்கு உடனடியாக ஒரு விடை தயாராகிவிடுகிறது. அது பெரும்பாலும் தவறான விடை. ஏன் தவறு என்பதைக் காட்ட, ஒவ்வொரு பந்தும் பதிவாகியுள்ள ஒரு கிரிக்கெட் பருவத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதலில் கணக்கு. 2024 ஐபிஎல் லீக் சுற்றின் முடிவில் நான்கு அணிகள் 7 வெற்றி, 7 தோல்வி, 14 புள்ளி என்ற ஒரே நிலையில் இருந்தன: பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ. எஞ்சியிருந்தது ஓர் இடம். இந்த நால்வரையும் பிரித்தது நெட் ரன் ரேட். ஓர் அணி பருவம் முழுவதும் எடுத்த ரன்களை அது ஆடிய ஓவர்களால் வகுத்து, அதிலிருந்து அது கொடுத்த ரன்களை வீசிய ஓவர்களால் வகுத்த ஈவைக் கழித்தால் கிடைப்பது அந்த எண். எல்லா விக்கெட்டுகளையும் இழந்த அணி 20 ஓவரையும் ஆடியதாகவே கணக்கிடப்படும். பெங்களூருக்கு அது 0.459. சென்னைக்கு 0.392.

சென்னையின் பதினான்கு ஆட்டங்களின் ஸ்கோர்களை வரிசையாகக் கூட்டினால், அந்த அணி 274 ஓவர் 4 பந்தில் 2,524 ரன் எடுத்திருக்கிறது. 274 ஓவர் 3 பந்தில் 2,415 ரன் கொடுத்திருக்கிறது. குறைந்துபோன பத்து ரன், எடுத்த ரன்களில் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவு. இந்தக் கணக்கில் எந்த ரன்னுக்கும் நாள் குறிக்கப்படவில்லை. மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் எடுத்த முதல் ரன்னும் மே 18 அன்று எடுக்கத் தவறிய கடைசி ரன்னும் வகுபடும் எண்ணுக்குள் ஒன்றாகவே கரைகின்றன. பெங்களூருக்கு எதிரான ஆட்டத்தில் மட்டும் ஒரு சிறப்பு உண்டு: அங்கே சென்னை எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் பெங்களூரின் விகிதத்தையும் குறைக்கும் என்பதால் அதன் எடை இரட்டிப்பு. அதனால்தான் அங்கே 10 ரன் போதுமானதாக இருந்தது. வேறு எந்த அணிக்கு எதிராக எடுத்திருந்தாலும் 19 ரன் தேவைப்பட்டிருக்கும்.

அந்த இரட்டை எடை ஒரு விந்தையையும் உண்டாக்கியது. சென்னை 201 ரன் எடுத்திருந்தால் பெங்களூரு அந்த ஆட்டத்தை 17 ரன் வித்தியாசத்தில் வென்றிருக்கும். வென்ற அணி வெளியேறியிருக்கும், தோற்ற அணி உள்ளே சென்றிருக்கும். சென்னை 200 எடுத்திருந்தால் பெங்களூரு உள்ளே. அந்த ஒரு ரன்னின் இரு பக்கங்களிலும் இரு அணிகளின் விகிதங்களும் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே விலகியிருந்திருக்கும். அந்த ஆயிரத்தில் சில பங்குகளில் ஆட்டத்திறனின் வேறுபாட்டைக் காண முடியும் என்று எந்தப் புள்ளியியல் மாணவரும் சொல்லத் துணியமாட்டார்.

இனி, யாரும் கவனிக்காத ஒரு மாலைக்குச் செல்லலாம். மே 1, சேப்பாக்கம், பஞ்சாப் கிங்ஸுக்கு எதிரான ஆட்டம். சென்னை 162 ரன் எடுத்தது. பதிரனா காயத்தாலும் துஷார் தேஷ்பாண்டே காய்ச்சலாலும் ஆடவில்லை. தீபக் சாஹர் இரண்டே பந்துகள் வீசிய நிலையில் காயத்துடன் வெளியேறினார். பஞ்சாப் 17.5 ஓவரில் 163 ரன் எடுத்து வென்றது. வழக்கமான ஒரு தோல்வி. பிளே ஆஃப் பற்றிய பேச்சில் அந்த நாளை யாரும் நினைவுகூர்வதில்லை. ஆனால் அதே தோல்வி, அதே 163 ரன், பஞ்சாப் 20 ஓவரின் கடைசிப் பந்துவரை சென்று வென்றிருந்ததாகக் கொள்வோம். வேறு எதுவும் மாற வேண்டாம். சென்னையின் நெட் ரன் ரேட் 0.460 ஆகியிருக்கும். பெங்களூரின் 0.459ஐவிட அது கூடுதல். ஓர் ஆட்டம்கூடக் கூடுதலாக வெல்லாமல், ஒரு ரன்கூடக் கூடுதலாக எடுக்காமல், ஏற்கெனவே தோற்றுவிட்ட ஓர் ஆட்டத்தை 13 பந்து நீட்டித்திருந்தாலே போதுமாக இருந்தது.

மறுபக்கம் ஏப்ரல் 15, சின்னசுவாமி மைதானம். சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 287 ரன் குவித்தது. ஐபிஎல் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண்ணிக்கை. ஐந்து விக்கெட் இழந்தபின் பெங்களூரு வெல்லும் என்று நம்பியவர்கள் அரங்கில் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள். அந்நிலையில் தினேஷ் கார்த்திக் 35 பந்தில் 83 ரன் எடுத்தார். பெங்களூரு 262 ரன்னில் முடித்து 25 ரன்னில் தோற்றது. புள்ளிப் பட்டியலில் அந்த 83 ரன்னுக்குக் கிடைத்த பலன் பூஜ்யம். ஆனால் அன்று பெங்களூரு இன்னும் 20 ரன் குறைவாக எடுத்திருந்தால், ஒரு மாதம் கழித்து அதன் நெட் ரன் ரேட் சென்னையின் எண்ணுக்குக் கீழே சென்றிருக்கும். மே 18 இரவில் பெங்களூருத் தெருக்கள் கொண்டாடிய தகுதியின் ஒரு பகுதி, தோல்வி உறுதியான ஓர் ஏப்ரல் இரவில் ஈட்டப்பட்டது. அதை ஈட்டியவர் சென்னையைச் சேர்ந்த ஒருவர் என்பது இரு நகரங்களின் ரசிகர்களும் சேர்ந்து நகைக்கத்தக்க செய்தி.

இவ்வகை 'இருந்திருந்தால்' கணக்குகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் ஆட்டத்தின் எண்ணை மாற்றிவிட்டு மற்ற யாவும் அப்படியே நிகழ்ந்திருக்கும் என்று கருதுவது கணக்கின் வசதிக்காக மட்டுமே. தேவைப்படும் ரன் வேறாக இருந்திருந்தால் கடைசி ஓவரில் மட்டையாளரும் பந்துவீச்சாளரும் வேறு முடிவுகளை எடுத்திருப்பார்கள். ஆகவே சேப்பாக்கத்தின் 13 பந்துதான் 'உண்மையான' காரணம் என்று சொல்ல வருவதில் பொருளில்லை. அது ஆறு பந்துக் கதையை எடுத்துவிட்டு வேறொரு கதையை வைப்பதாகிவிடும். இந்த எடுத்துக்காட்டுகள் காட்டுவது வேறு. நூலிழையில் தவறிய ஒரு முடிவுக்குப் போதுமான காரணங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் கடைசியாக நிகழ்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகவே அதன்மீது முழுப் பழியும் புகழும் விழுகின்றன.

வானத்தின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூரு கடுமையான தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தது. மழைக்காக ஏங்கிய நகரம் அது. மே 18 அன்றோ மழை வந்துவிடக் கூடாது என்று அதே நகரத்தின் ஒரு பெரும்பகுதி வேண்டிக்கொண்டது. ஆட்டம் கைவிடப்பட்டிருந்தால் இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி. 15 புள்ளியுடன் சென்னை உள்ளே, 13 புள்ளியுடன் பெங்களூரு வெளியே. மூன்று ஓவர் முடிந்த நிலையில் மழை வரத்தான் செய்தது. ஆனால் சிறிது நேரத்தில் விட்டது, தண்ணீரை விரைவாக உறிஞ்சும் வடிகால் அமைப்பு மைதானத்தைக் காய வைத்தது, ஓர் ஓவர்கூடக் குறையவில்லை. ஒரு மேகக் கூட்டம் இன்னும் இரண்டு மணிநேரம் தங்கியிருந்தால், சென்னை அணியின் அனுபவமும் நிதானமும்தான் தகுதி தேடித்தந்தன என்று மறுநாள் கட்டுரைகள் வந்திருக்கும்.

சமநிலையை உடைக்கும் விதியும் இயற்கை தந்ததன்று. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் இரு அணிகள் சமமாக முடித்தால், அவை தமக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவு முதலில் பார்க்கப்படும். படிப்படியான பல விதிகளும் பிரிக்காவிட்டால் இறுதியில் நாணயம் சுண்டப்படும். அந்த முதல் விதியைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பொருத்தினால் விடை கிடைக்காது. சேப்பாக்கத்தில் சென்னை வென்றது, சின்னசுவாமியில் பெங்களூரு வென்றது. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேரடி மோதல் அனைத்திலும் சமமாக நின்றன. மஞ்சள் அட்டை குறைவாகப் பெற்ற ஜப்பான் உள்ளே சென்றது. போலந்திடம் 0-1 எனத் தோற்றுக்கொண்டிருந்த நிலையிலேயே, கடைசி நிமிடங்களில் ஜப்பான் வீரர்கள் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். எந்த விதியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ற நடத்தையும் பிறக்கிறது, அதற்கேற்ற தகுதியாளரும் பிறக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 2025இல் நிகழ்ந்ததைப் பாருங்கள்: பெங்களூரு ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது, சென்னை முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அப்படியானால் 2024இன் கோடு சரியாகத்தானே பிரித்திருக்கிறது? கவர்ச்சியான வாதம், ஆனால் நிற்காது. கோட்டைக் கடந்த பெங்களூரு, நான்கே நாள் கழித்து எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. அதே ஆண்டு நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்துக்குப் பின் எல்லா அணிகளும் ஏறக்குறையப் புதிதாகக் கட்டப்பட்டன. பெங்களூருக்குக் கேப்டனே மாறினார். பின்னால் வந்ததை முன்னால் இருந்ததற்குச் சான்றாக்கும் இந்த வாதத்தை ஓர் ஆய்வேட்டில் எழுதினால் எந்த நெறியாளரும் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒரு முடிவின்மீது அளவுக்கு மீறிய பொருளை ஏற்றுவதன் விலையும் அந்த ஆண்டில்தான் தெரிந்தது: வெற்றிக்கு மறுநாள், ஜூன் 4 அன்று, சின்னசுவாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள்.

கல்விப்புலத்துக்குத் திரும்பினால், சென்னை அணியின் நிலையில் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பேர் நிற்கிறார்கள். யுஜிசி நெட் தேர்வில் 150 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தேர்வெழுதியவர்களில் 6 விழுக்காட்டினர் தகுதி பெறுவார்கள் என்பது முன்கூட்டியே முடிவானது. அதாவது கோடு எங்கே விழும் என்பதை அந்த மாணவரின் அறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பருவத்தில் உடன் எழுதியவர்கள் யார், தாள் எப்படி அமைந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த 6 விழுக்காட்டுக்குள்ளும் இன்னொரு கோடு உண்டு. ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான கோடு. அதைக் கடந்தவருக்கு மாதம் 37,000 ரூபாய். ஒரு வினாவில் தவறி நின்றவர் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் உறுதியில்லை. ஒரு வினாவின் இரு பக்கங்களில் நிற்பவர்களிடையே ஆய்வுத்திறனில் நான்கு மடங்கு வேறுபாடு இருப்பதாக யாரும் நம்புவதில்லை. ஆனால் நான்கு மடங்குக்கு மேல் வேறுபடும் வாழ்க்கைதான் அவர்களுக்குத் தரப்படுகிறது.

சென்னை அணி தோற்ற அதே பருவத்தில், கல்வியின் மைதானத்திலும் மழை பெய்தது. 2024 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நடந்த கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில் பாடத்திட்டத்துக்கு வெளியேயிருந்து வினாக்கள் வந்ததாகப் புகார் எழுந்தது. 50 வினாக்கள் மதிப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டன. நியாயமான முடிவுதான். ஆயினும் அந்த வினாக்களோடு அரை மணிநேரம் போராடியவரும் அவற்றைத் தொடாமல் கடந்துபோனவரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். ஆட்டம் முடிந்தபின் சில ஓவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதைப் போல. ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. கைவிடப்பட்ட கிரிக்கெட் ஆட்டத்துக்காவது தலா ஒரு புள்ளி உண்டு. அந்த 9 லட்சம் பேருக்குக் கிடைத்தது ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கிய மறுதேர்வும், அதுவரையிலான வாடகையும் உணவுச் செலவும்தான்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத் தகுதிக்கோடே வேண்டாம் என்று முடித்தால் அது பொறுப்பற்ற முடிவு. இடங்கள் குறைவு, வேண்டுவோர் மிகுதி என்னும் நிலையில் எங்காவது ஒரு கோடு விழத்தான் வேண்டும். எல்லோருக்கும் முன்பே அறிவிக்கப்பட்ட, முகம் பார்க்காத ஓர் எண், தேர்வுக் குழுவினரின் விருப்பு வெறுப்பைவிட மேலானது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுச் சேர்க்கையை ஆராய்ந்த அப்துல் நாஃபே குழு, வாய்மொழித் தேர்வு மதிப்பெண்களில் சமூகப் பாகுபாட்டின் தடங்களைக் கண்டு, அதன் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவருக்கு எழுத்துத் தேர்வின் எண் ஒரு கேடயம். அந்தக் கேடயத்தைப் பறிக்கும் எந்த வாதமும் யாருக்கு உதவும் என்பது தெரிந்ததே. நெட் ரன் ரேட்டையும் யாரும் ஆட்டத்துக்குப் பின் கண்டுபிடிக்கவில்லை. பத்து அணிகளும் அதை அறிந்தே பருவத்தைத் தொடங்கின. சென்னைக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று சொல்ல இடமில்லை.

ஆகவே சிக்கல் கோட்டில் இல்லை, அதை வாசிக்கும் முறையில் இருக்கிறது. கோடு ஒரு முடிவை எடுக்கிறது: இவருக்கு இந்த இடம், அவருக்கு இல்லை. அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. ஆனால் துறைகளின் அன்றாடப் பேச்சில் 'ஜேஆர்எஃப் எடுத்தவர்' என்பதும் 'எடுக்காதவர்' என்பதும் மனிதர்களின் இயல்புகளாக மாறிவிடுகின்றன. நெறியாளர் யாரை ஏற்கிறார், கருத்தரங்குக்கு யாரை அனுப்புகிறார், யாருடைய ஆய்வேட்டை முதலில் படிக்கிறார் என்பதிலெல்லாம் அந்த ஒரு வினாவின் நிழல் விழுகிறது. சில ஆண்டுகளில் அந்த நிழலே திறமையின் வேறுபாடாக வளர்ந்துவிடுகிறது. முன்னே ஒருவரை வைத்து, பின்னே ஒருவரை வைத்து, இருவருக்கும் வேறுவேறு வாய்ப்புகளைத் தந்துவிட்டு, பிறகு 'கோடு சரியாகத்தான் பிரித்தது' என்று வியப்பது எளிது. 2025ஐக் காட்டி 2024ஐ நியாயப்படுத்தும் ரசிகரின் வாதமும் இதுவே.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டின் தேர்வு முறையொன்றைப் பதிவு செய்திருக்கிறது. நிலம், வீடு, வயது, கல்வி எனத் தகுதிகள் முதலில் வரையறுக்கப்பட்டன. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் எடுத்த ஓலைக்கு உரியவர் பொறுப்பேற்றார். அந்தத் தகுதிகள் பிரமதேய ஊரின் சிலருக்கு மட்டுமே கதவைத் திறந்தன என்பதை மறந்து அதை மக்களாட்சி என்று புகழ்வது பொருந்தாது. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. தகுதி எதுவரை பேசும், அதற்குப்பின் எங்கே வாய்ப்பு பேசத் தொடங்கும் என்பதை அந்த முறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. குடத்திலிருந்து பெயர் வராதவர் தகுதியற்றவராகிவிடவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழுவும் சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பிரிட்டிஷ் அகாடமியும் தங்கள் நிதியுதவிகள் சிலவற்றில் அண்மைக் காலமாகக் குலுக்கலைப் பயன்படுத்தியிருக்கின்றன. தரத்தில் பிரிக்க முடியாதபடி நெருங்கி நிற்கும் விண்ணப்பங்களுக்கிடையே பிரிவினையைக் கற்பனை செய்வதைவிடச் சீட்டெடுப்பது நேர்மையானது என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் நாளையே குடம் வாங்க வேண்டியதில்லை. அதைவிட எளியவை உள்ளன. தேர்வு முடிவு வெளியாகும்போது, கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு வினா தொலைவில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் வெளியிடலாம். அந்த ஓர் எண் கோட்டின்மீதான மூடநம்பிக்கையைப் பெருமளவு குறைக்கும். ஆய்வுச் சேர்க்கைக்குப்பின் துறைக்குள் வழங்கப்படும் வாய்ப்புகளில் நுழைவு மதிப்பெண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று துறைக் குழுக்கள் தீர்மானிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டின் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கலாம். 37,000க்கும் 8,000க்கும் இடையிலான தொலைவு எந்தத் தேர்வும் அளந்து கண்ட தொலைவன்று. அது நிதிநிலை அறிக்கையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. முடிவுகளை மாற்ற முடியும்.

கிரிக்கெட் அணிகளுக்கு ஒரு வசதி உண்டு. அடுத்த மார்ச்சில் எல்லா அணிகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பத்து ரன்னில் தவறியவருக்கும் கோப்பையை வென்றவருக்கும் முதல் நாளில் ஒரே புள்ளி. 2023இல் ரிங்கு சிங்கிடம் கடைசி ஓவரில் தொடர்ந்து ஐந்து சிக்ஸர் கொடுத்த அதே யஷ் தயாள்தான் 2024இல் தோனிக்கு எதிரான ஓவரை வீசினார். அந்த ஐந்து சிக்ஸரைக் கொண்டு அவரை முழுவதுமாக அளந்திருந்தால், மே 18 அன்று பந்து அவர் கைக்கு வந்திருக்காது. ஆய்வு மாணவர்களுக்கு அப்படிப் பருவங்கள் புதுப்பிக்கப்படுவதில்லை. வயது ஏறுகிறது, வீட்டிலிருந்து வரும் பணம் நிற்கிறது, 'இன்னும் எத்தனை முறை?' என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் பேராசிரியர்களும் துறைத் தலைவர்களும் மூத்த மாணவர்களும் இருக்கிறார்கள். ஒரு வினாவில் நின்றுபோன மாணவர் கதவைத் தட்டும்போது, கடைசிப் பந்தைப் பற்றிக் கேட்காமல் இருநூற்று எழுபத்து நான்கு ஓவரையும் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு வேண்டும்.